நடுக்குவாதமும் பகல் நித்திரையும்

கேரளச் சட்டமன்றம் 2025-ஆம் ஆண்டில் முதியோர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியபோது, இத்தகைய சட்டம் இந்நாட்டில் இதுவே முதலாவது என்ற பெருமை அம்மாநிலத்துக்குக் கிடைத்தது. முதியோரின் உரிமையையும் பாதுகாப்பையும் கவனிக்க ஓர் ஆணையம் இருப்பது நல்லதே. ஆனால் முதியவர்கள் படும் அவஸ்தைகளில், மனுவாக எழுதிக் கொடுக்க முடியாததும், அனுபவிக்கிறவரே அவஸ்தையென்று உணராததும், கூட வாழ்கிறவர்கள் சோம்பலென்று எண்ணிக் கடிந்துகொள்வதுமான ஒன்று உண்டு. நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் வியாதி கண்டவர்களைப் பட்டப்பகலில் வந்து மூடுகின்ற நித்திரையே அது.

மத்திய அரசின் நிபுணர் குழுவுடைய கணிப்புப்படி 2021-இல் இந்திய ஜனத்தொகையில் 60 வயதை எட்டியவர்கள் 100-க்கு 10 பேர், கேரளத்தில் 16.5 பேர். 2031-இல் கேரளத்தில் இது 20.9 ஆக உயரும் என்று அதே குழு கூறுகிறது. பார்க்கின்சன் வியாதி பெரும்பாலும் 60 வயதையொட்டியும் அதற்குப் பின்னரும் தலைகாட்டுவது; உலகில் 85 லட்சம் பேர் இதனால் பீடிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. ஆகவே முதியோர் பெருகும் நாட்டில் இவ்வியாதியும் பெருகும் என்பதில் ஐயமில்லை.

இவ்விஷயத்தைப் பேசக் கேரளத்து வித்துராவை எடுத்துக்கொள்கிறேன். பொன்முடி மலையின் அடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களும் மரவள்ளிக் கொல்லைகளும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் சூழ்ந்த ஊர் இது. மேலே தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. ஊரிலேயே தாலுகா ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசு பஸ் டிப்போ இருக்கிறது. நெடுமங்காடு வழியாக 35 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தால், திருவனந்தபுரத்தில் 1951-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும், 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்பக் கழகமும் இருக்கின்றன. உடலியக்கக் கோளாறுகளுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு கொண்ட அக்கழகத்தைக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்துத் தமிழர்களும் நெடுங்காலமாக நாடிச் செல்கிறார்கள்.

இவ்வளவும் எட்டும் தூரத்தில் இருந்தும், நோயாளி ஒருவருடைய பகல் உறக்கம் அந்த வைத்தியர்களின் செவிக்குப் போய்ச் சேராமலே இருந்துவிடக்கூடும். ஏனென்றால், அது ஆஸ்பத்திரியில் நிகழ்வதில்லை. வீட்டுத் திண்ணையில் நிகழ்கிறது.

நடுக்கம் கண்ணுக்குப் படும்

1817-இல் லண்டன் நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தாம் கவனித்த 6 நோயாளிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கை நடுங்குவதையும், உடல் முன்னோக்கி வளைவதையும், நடை குறுகி ஓட்டமாக மாறுவதையும் வர்ணித்த அவர், இரவில் தூக்கம் கெடுவதையும், வியாதி முற்றிய நிலையில் ஓயாத தூக்கம் வந்து சேர்வதையும் குறிப்பிடத் தவறவில்லை. ஆயினும் அவருக்குப் பின் வந்த வைத்திய உலகம் நெடுங்காலம் கையையும் காலையுமே நோக்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் கண்ணுக்குப் படும், அதை அளக்கலாம், மாத்திரை கொடுத்தால் குறைவதைக் காணலாம். உறக்கமோ வயதானவர்களுக்கு உரியதென்று ஒதுக்கப்பட்டது.

நடுமூளையில் டோபமைன் என்னும் ரசாயனப் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் அசைவு தளர்கிறது என்பது பலரும் அறிந்தது. அழிவு அங்கேயே நின்றுவிடுவதில்லை என்பதுதான் பலர் அறியாதது. நம்மை விழிப்போடு வைத்திருப்பதற்கென்று மூளைத்தண்டிலும், அதற்கு மேலே ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியிலும் தனியே அணுக்கூட்டங்கள் இருக்கின்றன. விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஒரெக்சின் என்ற பொருளை உண்டாக்கும் அணுக்கள், இவ்வியாதியால் இறந்தவர்களின் மூளையில் குறைந்திருப்பதை 2007-இல் வெளிவந்த இரு ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டின. கை நடுங்குவதற்கு நோயாளி எவ்வளவு பொறுப்போ, பகலில் கண் மூடுவதற்கும் அவ்வளவே பொறுப்பு.

பல தேசங்களில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மிதமிஞ்சிய பகல் உறக்கம் இருப்பதாகத் தெரிகிறது.

அது எப்படி வருகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். காலை பத்து மணி. ஒரு முதியவர் திண்ணையில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். கையில் கட்டன் சாயா உள்ள கிளாஸ். மடியில் பத்திரிகை விரிந்திருக்கிறது. அரை மணி நேரமாக அதே பக்கம். மோவாய் மெல்ல மார்பை நோக்கி இறங்குகிறது; கிளாஸ் சாய்கிறது; உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி அதைப் பிடித்துக்கொள்கிறாள். சாயா சற்றே வேட்டியில் சிந்தியிருக்கிறது. “ராத்திரி முச்சூடும் முழிச்சுக் கெடக்காரு சிஸ்டரே, பகல் பூரா தூங்குதாரு” என்று அவள் வந்திருக்கும் நர்ஸிடம் சொல்கிறாள். அவர் கண் திறந்து, “நான் எங்க தூங்குனேன்?” என்று கேட்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தாம் தூங்கியது அவருக்கு உண்மையாகவே தெரியாது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் வைத்தியர்களும் குடும்பத்தாரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வலியைப் போல அல்ல உறக்கம். வலி உள்ளவன் முறையிடுவான், உறக்கம் உள்ளவன் உறங்குவான். ஆகையால் இவ்வியாதியின் இந்த அம்சத்தில் நோயாளியைவிட வீட்டார் சொல்வதே உறுதியான சாட்சியம்.

மருந்தும் ஒரு காரணம்

வியாதி மட்டும் உறக்கத்தை உண்டாக்குமானால், பொறுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை என்று கைவிட நேரும். ஆனால் பல நோயாளிகளிடத்தில் பெரும் பங்கு மருந்துக்கு உரியது. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், நேரத்தைத் திருத்தலாம். இதனால்தான் கேட்பதில் பயன் இருக்கிறது.

இம்மருந்துகளின் சரித்திரத்தில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் நம் நாட்டு மூலிகையிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தால், அவை காது தொங்கி, அசைவற்று, மயங்கியவைபோலக் கிடக்கும். 1957-இல் ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்ஸன், அப்படிக் கிடந்த முயல்களுக்கு டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். சற்று நேரத்தில் அவை எழுந்து நடமாடின. டோபமைன் மூளையில் செய்யும் வேலையை உலகுக்கு உணர்த்திய அந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அவர் முயல்களை எழுப்பிய பொருளின் இனமான லெவோடோபாவை, அதற்கு 20 ஆண்டுகள் முன்னரே, 1937-இல், சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பது அக்காலத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இன்று பார்க்கின்சன் சிகிச்சையின் மூலத்தூண் லெவோடோபாவே. விழிப்பையும் அசைவையும் மீட்டுத் தரும் அம்மருந்தே சிலருக்கு, மாத்திரை விழுங்கிய அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கண்ணைச் செருகச் செய்கிறது. அதைவிடக் கூடுதலாக உறக்கம் தருபவை டோபமைனைப் போலவே செயல்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகிய மருந்துகள். இவற்றை உட்கொண்டுவந்த 8 நோயாளிகள் கார் ஓட்டிக்கொண்டிருக்கையிலேயே உறங்கி விபத்துக்கு உள்ளானதை 1999-இல் அமெரிக்க வைத்தியர்கள் எழுதியபோதுதான் வைத்திய உலகம் திடுக்கிட்டது. கொட்டாவியோ கண் கனப்போ முன்னறிவிப்பாக வராமல், பேசிக்கொண்டிருக்கும்போதும் உண்டுகொண்டிருக்கும்போதும் திடீரென்று வந்து விழும் இந்த நித்திரை, அம்மருந்தை நிறுத்தியபின் அவர்களை விட்டு நீங்கிற்று.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் கடுஞ்சுரமும் உடல் விறைப்பும் பிரக்ஞைக் குழப்பமும் தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம்; மற்ற மருந்துகளையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அதேபோல், பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அங்காடியில் விற்கும் பொடியை மாத்திரையோடு சேர்த்து உட்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். விதைக்கு விதை அதில் உள்ள அளவு மாறும். வைத்தியருக்குத் தெரியாமல் உட்கொண்டால், நோயாளி ஏன் தூங்குகிறார், ஏன் உடல் முறுக்குகிறது என்பது அவருக்கு விளங்காமலே போகும்.

ஜலதோஷத்துக்கு வாங்கும் சாதாரண மாத்திரை, அரிப்புக்குத் தரும் மருந்து, தூக்க மாத்திரை, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் சில மருந்துகள் ஆகியவையும் பகலில் மயக்கத்தைச் சேர்க்கும். வெவ்வேறு வைத்தியர்கள் வெவ்வேறு காலத்தில் எழுதிய சீட்டுகள் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கின்றன. அப்பையை முழுதாகக் கவிழ்த்து ஒருவர் பார்ப்பது அபூர்வமாக இருக்கிறது.

இரவில் தொலைந்தது பகலில் வருகிறது

இனி இரவைப் பார்ப்போம். மாலை மாத்திரையின் பலம் நள்ளிரவில் தீர்ந்துபோக, உடல் மரமாக விறைத்து, படுக்கையில் புரளவும் முடியாமல் கிடப்பவர்கள் உண்டு. சிறுநீர் கழிக்க மூன்று நான்கு முறை எழுகிறவர்கள் உண்டு. கால்களை அசைக்காமல் இருக்க முடியாத தவிப்பு சிலருக்கு. குறட்டைக்கு நடுவே மூச்சு தடைப்படுவது சிலருக்கு. கனவில் காண்பதை உடலால் நடித்து, கூவிக் கையை வீசிப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுகிறவர்களும் உண்டு. இது நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சிலரிடம் வெளிப்படுவது. இப்படி உடைந்துபோன இரவுக்குப் பின் வரும் பகல் தெளிவாக இருக்க முடியாது.

உணவுக்குப் பின் ரத்த அழுத்தம் இறங்குவதும் இவ்வியாதியில் சகஜம். மதியம் வயிறு நிறையச் சோறுண்டபின் தலை சாய்ந்து, முகம் வெளிறி, கூப்பிட்டால் மெதுவாகப் பதில் சொல்கிறவருக்கு வந்திருப்பது வெறும் உண்ட மயக்கமாக இராமல் அழுத்தக் குறைவாக இருக்கலாம். உண்பதற்கு முன்னும் பின்னும், உட்கார்ந்திருக்கையிலும் நிற்கையிலும் அழுத்தத்தை அளந்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷ வேலை.

வித்துராவைப் போன்ற ஊர்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் தோட்டத்துக்குப் போகிறார். வெயில் ஏறுமுன் பட்டையைக் கீறினால்தான் பால் நன்றாக ஒழுகும். ஆயுள் முழுதும் அப்படி எழுந்து பழகிய உடல், வேலையை விட்டபின்னும் அதே நேரத்தில் விழித்துக்கொள்கிறது. அவர் காலை பத்து மணிக்குச் சிறிது கண்ணயர்ந்தால் அது வியாதியா, பழக்கமா? அவர் என்ன தொழில் செய்தார், எத்தனை மணிக்கு எழுகிறார் என்று கேட்காத வைத்தியர் அதைத் தீர்மானிக்க முடியாது. நகரத்து ஆபீஸ் உத்தியோகஸ்தருக்கு வகுத்த அளவுகோலை மலையடிவாரத்துத் தொழிலாளிக்கு அப்படியே வைத்துப் பார்ப்பது சரியாகாது.

அளவுகோல் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1991-இல் ஆஸ்திரேலியாவில் மர்ரே ஜான்ஸ் என்பவர் வகுத்த எப்வொர்த் அளவுகோல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. படிக்கையில், டெலிவிஷன் பார்க்கையில், ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கையில் என 8 சந்தர்ப்பங்களில் தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை எண் கொடுக்க வேண்டும். மொத்தம் 24-இல் 10-க்கு மேல் போனால் மிதமிஞ்சிய உறக்கம். ஒரு மணி நேரம் காரில் பிரயாணியாகச் செல்லும்போது என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. வித்துராவிலிருந்து திருவனந்தபுரத்துத் தம்பானூருக்குப் பஸ்ஸில் போகையில் என்று அதையே மாற்றிக் கேட்டால், லயத்தில் வாழும் பாட்டிக்கும் விளங்கும். பதிலை அவளோடு பஸ்ஸில் வந்த மகளிடமும் கேட்க வேண்டும்.

களைப்பு வேறு, உறக்கம் வேறு

வித்துராவுக்கு மேலே, போணக்காடு என்னும் தோட்ட ஊருக்கு அப்பால் தமிழர் பொதிகை என்று போற்றும் அகத்தியர்கூடம் நிற்கிறது. அம்மலைக்காட்டில் 1987-இல் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணி மக்கள், சலிப்பின்றி நடப்பதற்காக ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு போனார்கள். ஆரோக்கியப்பச்சை என்று பெயர் பெற்ற அச்செடியைக் கொண்டு, வித்துராவுக்கு அண்மையில் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. அதன் லாபத்தில் காணி மக்களுக்கும் பங்கு கொடுத்தது உலகம் முழுவதும் முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

பெருமைக்குரிய அச்சரித்திரத்தை இங்கே நினைப்பதற்குக் காரணம், களைப்பும் உறக்கமும் ஒன்றாகக் கலந்து பேசப்படுவதுதான். களைத்தவர் உட்காருவார், ஆனால் உறங்கமாட்டார். கிடத்தினாலும் விழித்தே கிடப்பார். உறக்கம் உள்ளவருக்கோ நின்றாலும் கண் செருகும். நடுக்குவாதத்தில் இரண்டும் உண்டு. ஒருவருக்கே இரண்டும் வரலாம். மனச்சோர்வும் இவற்றின் வேஷத்தில் வரும். ஆனால் வைத்தியம் மூன்றுக்கும் ஒன்றல்ல. களைப்பு நீக்கும் மூலிகை ஊரில் இருக்கிறதே என்று பார்க்கின்சன் மாத்திரைகளோடு அதைச் சேர்த்து உட்கொள்வதைத் தவிர்க்க வேண்டும்.

சாப்பாட்டுத் தட்டில் தொடங்கி மலைப்பாதை வரையில்

உறங்கினால் உறங்கிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். விளைவுகளைப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

முதலாவது, அன்னம். பார்க்கின்சன் நோயாளிக்கு விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கும். அரைத் தூக்கத்தில் கஞ்சியை ஊட்டினால் அது மூச்சுக்குழாயில் புகுந்து நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இவ்வியாதியில் உயிர் பிரிவதற்கு முக்கிய காரணங்களில் நிமோனியா ஒன்று. அன்போடு எழுப்பி எழுப்பி ஊட்டும் மருமகள் தன்னையறியாமல் ஆபத்தை வருவிக்கிறாள். முழுதும் விழித்து, நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே வாயில் உணவு போகவேண்டும். உணவு ஆறிப்போனால் குற்றமில்லை.

அடுத்தது வீழ்ச்சி. தூக்கக் கலக்கத்தில் எழுந்து படியிறங்கும் கால், மழையில் பாசி படிந்த முற்றத்தில் நிற்காது. இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு படுக்கைதான்.

மூன்றாவது, வாகனம். கல்லாற்றைத் தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. அத்தகைய சாலையில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு 50 வயதில் இவ்வியாதி வந்தால் என் செய்வது? நம் நாட்டில் ஓட்டுநர் உரிமத்துக்காக எழுதித் தரும் உடல்நல உறுதிமொழியில் காக்காய் வலிப்பு உண்டா, திடீரென்று நினைவு தவறுவதோ தலை சுற்றுவதோ உண்டா என்று கேட்கப்படுகிறது. பகலில் தன்னையறியாமல் உறங்கிவிடுவதுண்டா என்ற கேள்வியையும் அதில் சேர்க்க வேண்டும். ஆனால் உரிமத்தைப் பறிப்பதே அதன் நோக்கமாக இருக்கலாகாது. அப்படியிருந்தால் எவரும் உண்மை சொல்லமாட்டார்கள். மருந்தை மாற்றி, உறக்கம் நீங்கியதைக் கண்டு, மீண்டும் ஓட்ட அனுமதிக்கும் ஏற்பாடும் கூடவே வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் குடும்பத்தில் உண்டாகும் கசப்பு இருக்கிறது. விருந்தினர் வந்திருக்கையில் உறங்குகிறார், பேரன் பாடம் ஒப்பிக்கையில் உறங்குகிறார், கல்யாண வீட்டில் பந்தியில் உறங்குகிறார். மரியாதை தெரியாதவர், மனசில்லாதவர் என்று உற்றார் எண்ணத் தொடங்குகிறார்கள். நாளடைவில் அவரை ஓரிடத்துக்கும் அழைப்பதில்லை. அழைக்கப்படாதவர் மேலும் உறங்குகிறார். இந்த அநியாயம் அறியாமையால் நேர்வது. வியாதியின் இயல்பை ஒருமுறை எடுத்துச் சொன்னாலே பாதி நீங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

செய்யக்கூடியவை

வியாதியை அறவே நீக்கும் மருந்து இன்னும் இல்லை. பகல் உறக்கத்தைக் குறைக்கும் உபாயங்களோ இருக்கின்றன. காலை வெயிலில் ஒரு மணி நேரம் வெளியில் இருப்பதும், உடலுக்கு ஏற்ற நடையும் பயிற்சியும் இரவுத் தூக்கத்தை ஒழுங்குபடுத்த உதவும். பிரகாசமான விளக்கின் முன் நாளுக்கு இரு வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம் நோயாளிகளை உட்காரவைத்த சிறு ஆய்வொன்று, 2017-இல், பகல் உறக்கம் குறைந்ததைக் காட்டியது. மதியத் தூக்கம் வேண்டுமானால் அரை மணியோடு முடித்துக்கொள்ளலாம். சாயங்காலத் தூக்கம் ஆகாது. மதிய உணவைக் குறைத்துப் பல வேளையாகப் பிரித்து உண்ணலாம். விழித்திருக்கச் செய்யும் மாத்திரைகளும் உண்டு; பலன் ஆளுக்கு ஆள் மாறுவதால் அவற்றை நரம்பியல் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் தாமதம் கூடாது. மாதக்கணக்காக மெல்ல வளரும் உறக்கம் வேறு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று ஓயாமல் உறங்குவது வேறு. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, விழுந்ததால் தலைக்குள் உண்டான ரத்தக் கசிவு ஆகியவை இப்படித்தான் வெளிப்படும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேட்கும் கடமையை யாரிடம் ஒப்படைப்பது என்பதே இனி எஞ்சும் கேள்வி. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியருக்குக் கிடைக்கும் சில நிமிஷங்கள் நடுக்கத்தையும் நடையையும் பார்ப்பதிலேயே தீர்ந்துவிடுகின்றன. அதோடு, காலையில் பஸ் ஏறி வந்து, புது இடத்தின் பரபரப்பில் இருக்கும் நோயாளி அங்கே விழிப்பாகவே காணப்படுவார். ஆனால் கேரளத்தில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. தீராத வியாதியால் வருந்துகிறவர்களை வீடு தேடிச் சென்று கவனிக்கும் கொள்கையை அம்மாநில அரசு 2008-இல் வெளியிட்டது. பஞ்சாயத்துகளின் பொறுப்பில் நர்ஸ்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். ஆஷா என்னும் சுகாதார ஊழியர்களும் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார்கள். திண்ணையில் சாயும் கிளாஸைக் காணக்கூடியவர்கள் இவர்களே.

ஆகவே பார்க்கின்சன் நோயாளி உள்ள வீட்டுக்குச் செல்லும் நர்ஸுக்கு, எப்வொர்த் கேள்விகளையும், மருந்துப் பையைக் கவிழ்த்துப் பார்க்கும் முறையையும், நின்றும் உட்கார்ந்தும் ரத்த அழுத்தம் பார்க்கும் பழக்கத்தையும் பயிற்சியாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பயிற்சி போதும். தாலுகா ஆஸ்பத்திரி வைத்தியர், உறக்கம் மிகுந்தவரைப் பற்றிய குறிப்பைத் திருவனந்தபுரத்து நரம்பியல் வைத்தியருக்கு அனுப்பி, மாத்திரை மாற்றத்தைத் தொலைபேசியிலேயே கேட்டுப் பெறும் வழி அமையவேண்டும். மாத்திரையின் அளவைச் சிறிது மாற்றுவதற்காக நடக்க முடியாதவர் ஒரு முழு நாளைப் பஸ்ஸில் கழிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின்கீழ் 2021 முதல் வீட்டுக்கே ஊழியர்கள் செல்கிறார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறவர்கள் இதையும் கேட்கலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் வியாதியைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பது நோயாளிகள் பலருக்கே தெரியாது. வேலையில் இருக்கும் நோயாளிக்கு நடுப்பகலில் அரை மணி ஓய்வு தருவது சலுகையன்று, அச்சட்டத்தின் நோக்கத்துக்கு இணங்கியதே என்பதை முதலாளிகளுக்குத் தொழில் இலாகா எடுத்துரைக்கலாம்.

முதியோர் ஆணையம் உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. மலையாளத்திலும் தமிழிலும் ஒற்றைத் தாளில் ஓர் ஏழு நாள் குறிப்பை அச்சிட்டு, தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கடைகளிலும் வைக்க வேண்டும். மாத்திரை எத்தனை மணிக்கு, உணவு எத்தனை மணிக்கு, உறங்கியது எப்போதெல்லாம், இரவில் எத்தனை முறை எழுந்தார் என்ற நான்கு கட்டங்கள் போதும். எழுதத் தெரியாத வீட்டில் பள்ளிக்குப் போகும் பேத்தி நிரப்புவாள். கனவில் கூவுகிறவரைப் பிடித்துப் படுக்கவைப்பதும், விறைத்த உடலைப் புரட்டிவிடுவதும் மனைவியோ மருமகளோதான். ஆதலால் தாளின் அடியில் அவள் இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று எழுதவும் ஒரு கட்டம் விட வேண்டும். தாளைப் பார்க்கும் வைத்தியர் அந்தக் கட்டத்தையும் படித்து, அவளிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.